பெயிண்ட் அடித்தபின் ஸ்டிக்கில் வந்த நடுக்கம்

என்னுடையது லாங் ஈஸி என்கிற சின்ன விமானம், அதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தைப் பார்த்து ஃபோம், கண்ணாடியிழை, எபாக்சி எல்லாம் கொட்டி நானே கட்டியது. புதிதாகப் பெயிண்ட் அடித்துவிட்டு முதல் தடவை ஏறினேன். 140 நாட் வரை ஒன்றும் இல்லை. 150-ஐத் தொட்டதும் கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கில் மெல்லிய நடுக்கம். புரொப்பெல்லர் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிற விமானம், அதன் அதிர்வுதான் என்று நினைத்தேன். மூக்கை லேசாகத் தாழ்த்தி, வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பவரை மட்டும் குறைத்துப் பார்த்தால் நடுக்கம் அப்படியே இருந்தது, வேகம் இறங்கிய பிறகுதான் நின்றது. அங்கேதான் வயிறு கலங்கியது. அது ஃப்ளட்டரின் வாசல், அதாவது காற்றின் வேகத்தில் அசையும் பாகம் தானாகப் படபடத்து, உடைந்தே போகக்கூடிய நிலை.

இறங்கியதும் மூக்கருகே உள்ள சின்ன இறக்கையான கனார்டிலிருந்து, மூக்கை ஏற்றி இறக்கும் மடல்களான இரண்டு எலிவேட்டரையும் கழற்றி, கீல் அச்சில் தொங்கவிட்டேன். முன்பக்கம் தாழ்ந்து நிற்க வேண்டும், பின்பக்கம் கனத்தால் ஃப்ளட்டருக்கு வழி. வலது பக்கத்தது கிட்டத்தட்ட மட்டமாக நின்றது. வழவழப்பு வேண்டும் என்று பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பட்டி, பிரைமர், மேலே மூன்று கோட் வெள்ளை. எல்லாம் கீலுக்குப் பின்னால் ஏறிய எடை. முன்னால் இடம் குறுகல், பின்னால் ஏறிய ஒரு கிராமுக்கு அங்கே பல கிராம் ஈயம் வேண்டும். அதனால் ஈயத்தைத் தொடாமல் பெயிண்டையும் பட்டியையும் தேய்த்து எடுத்தேன். கையும் போச்சு, அழகும் போச்சு, நடுக்கமும் போச்சு.

* * *

அண்ணே, என் கதை மழை. பிறர் கட்டிய லாங் ஈஸியை வாங்கினேன், அதில் பழைய ஜி.யு. (கிளாஸ்கோ பல்கலைக்கழக) வடிவக் கனார்டு. தூறலுக்குள் நுழைந்ததும் மூக்கு தாழ்ந்தது, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் நேராகப் போனது. ஸ்டிக்கை ஒரே நிலையில் தாங்கும் ட்ரிம் ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று நினைத்து இறங்கி எல்லாவற்றையும் பிரித்தேன், ஒரு குறையும் இல்லை. அந்த வடிவத்தில் நீர்த்துளி ஒட்டினாலே காற்றோட்டம் கெட்டு, கனார்டு தூக்கும் விசை குறைந்துவிடும், கோளாறு வேறெங்கும் இல்லை. அப்புறம் ஜான் ரான்ஸ் வடிவமைத்த கனார்டைக் கட்டி மாட்டினேன். இப்போது மழையில் மூக்கு அவ்வளவாக அசைவதில்லை. ஆனால் எலிவேட்டரும் புதிது, நீங்கள் சொன்ன தொங்கவிடும் சோதனையை நானும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

* * *

என் லாங் ஈஸிக்கு இடது இறக்கை பாரம், விட்டால் அந்தப் பக்கமே சாயும். இரண்டு வருஷம் ஸ்பிரிங் வைத்துச் சமாளித்தேன், சோம்பல்தான். ஒருநாள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான எய்லரான் மேல், இடது பக்கம், மட்டக்கோல் வைத்தால், பின்விளிம்பு ஓரமாக மேல்பக்கம் பட்டி புடைத்திருக்கிறது. காற்று அங்கே வேகமாக ஓடி எய்லரானை மேலே இழுக்கிறது, இறக்கை தாழ்கிறது. அரைநாள் தேய்த்து, மறுபடி எடைச் சமன் பார்த்துவிட்டுப் பறந்தேன், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். உங்கள் வலது எலிவேட்டரிலும் ஒரு மட்டக்கோல் வைத்துப் பாருங்கள்.