நீரெழுசெடி: 'எமர்ஜென்ட்' தாவரத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சேற்றில் வேரூன்றி நீருக்கு மேலே எழுந்து நிற்கும் செடியை ஆங்கிலத்தில் 'எமர்ஜென்ட்' தாவரம் என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு 'வெளிப்படு தாவரம்', 'நீர்மேல் தாவரம்' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதிவருகிறேன். இந்தச் சொல் இல்லாமல் நகர முடியவில்லை. ஆனாலும் இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை.

வெளிப்படுவது என்றால் மறைந்திருந்தது தெரியவருவது. உண்மை வெளிப்பட்டது என்போம். கோரை வெளிப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. 'நீர்மேல்' என்றாலோ, சேற்றில் வேரூன்றாமல் மிதக்கும் ஆகாயத்தாமரையும் உள்ளே வந்துவிடும்.

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் நின்று சம்பங்கோரையைப் பாருங்கள். அடி சேற்றில், இடுப்பு நீரில், தலை காற்றில். நீலத் தாழைக்கோழி என்ற பறவை அதற்குள்தான் ஒளிந்து திரியும். சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. இலைக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் அடியிலுள்ள மட்டநிலத்தண்டுக்கு, அதாவது சேற்றுக்குள் கிடையாகப் படரும் தண்டுக்கு, காற்று இறங்குகிறது. காய்ந்த தாள்கூட (இலையோ தண்டோ) அதற்குக் குழாய்தான். அதனால் சம்பங்கோரையை (சுருக்கமாகச் சம்பு) நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, ஒரு தாளும் மேலே நீட்டாமல் வைத்தால் மட்டநிலத்தண்டு மூச்சடைத்துச் செத்துப்போகும். மேலே அறுத்தால் மறுபடி தழைக்கும். நீரைவிட்டு எழுந்து நிற்பதுதான் இதன் உயிர். சொல்லிலும் அந்த எழுதல் இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: நீரெழுசெடி.

'எழுசெடி' வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. நடுவில் 'ச்' வேண்டாம். எழுந்த, எழுகின்ற, எழும் என மூன்று காலமும் அதில் அடங்கும். சம்பு பல்லாண்டுச் செடி. கோடையில் நீர் வற்றி இலை காய்ந்தாலும், மழைக்குப் பின் அதே மட்டநிலத்தண்டிலிருந்து எழும். இவ்வளவு பொருத்தம் அமையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தாமரையை வைத்தும் சோதித்தேன். அதன் முதல் இலைகள் நீரில் படிந்து மிதக்கும். பின்னால் வருபவை காம்பு நீண்டு எழும். சரி, அதுவும் நீரெழுசெடிதான். ஆம்பலின் இலை மிதந்தபடியே இருப்பதால் அது 'இலைமிதவை'. வேலம்பாசிக்கு 'மூழ்குசெடி' போதும்.

சம்பின் படத்துக்குக் கீழே இப்போதைக்கு 'நீரெழுசெடி' என்றே போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.