மஹாலியா ஜாக்சனின் 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்': எது முழுப் பாட்டு, எங்கே முடிகிறது?

தட்டுப்பிரியன்:
நண்பர்களே, ஒரு வாரமாக இது மண்டையைக் குடைகிறது. மஹாலியா ஜாக்சன் 1947இல் அப்போலோ கம்பெனிக்காகப் பாடிய இந்த காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப்) பாட்டு என்னிடம் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று மூன்று நிமிடம் போல ஓடி, சூடு பிடிக்கும்போதே நின்றுவிடுகிறது. இன்னொன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம், நடுவில் மட்டும் ஏதோ தட்டுப்படுகிறது. மூன்றாவதும் அவர் பாடியதுதான், ஆனால் வாத்தியமும் குரலின் நிறமும் வேறாக இருக்கின்றன, முடிவும் வேறு. எதை அசல் என்று வைத்துக்கொள்வது? முதலாவதை யாராவது வெட்டிவிட்டார்களா?

ஊசிமுனை:
யாரும் வெட்டவில்லை சார், உங்களிடம் இருப்பது தட்டின் ஒரு பக்கம் மட்டும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். பாட்டு அதற்குள் அடங்காததால் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று இரண்டு பக்கமாகப் போட்டார்கள். இரண்டும் தனித்தனியாகப் பதிவானவை. அதனால் முதல் பாகத்துக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது, அந்த முடிவைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நீளமானது, பிற்காலத்தில் யாரோ இரண்டையும் ஒட்டியது.

ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசி உள்ளே போகப் போக ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும், அதனால் பக்கத்தின் கடைசியில் ஒலி கொஞ்சம் மங்கி, கரகரக்கும். மறுபக்கம் வெளி ஓரத்தில் தொடங்குவதால் சட்டென்று தெளிவாகிவிடும். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள், பியானோவை விட்டுவிட்டு அவருடைய 'ஸ' ஒலியை மட்டும் கவனியுங்கள், மங்கலான 'ஸ' திடீரென்று பளிச்சென்று ஆகிற இடம்தான் ஒட்டு. இரைச்சலை ரொம்பத் துடைத்த பிரதியாக இருந்தால் இது அவ்வளவாகத் தெரியாது. அப்படித் துடைத்தவற்றில் கடைசி ஸ்வரத்தின் கார்வையும் சேர்ந்து போய்விடுகிறது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மூன்றாவது, அவர் 1954இல் கொலம்பியா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போன பிறகு மறுபடியும் பாடியதாக இருக்கும். அவருக்குப் பல வருடம் பியானோ வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸ் அதில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மேரியக்கா:
ஊசிமுனை தம்பி சொன்னது சரி. நான் பாட்டின் பக்கமிருந்து சொல்கிறேன். இதை எழுதியவர் மெம்ஃபிஸ் நகரத்து பாப்டிஸ்ட் போதகர் ஹெர்பர்ட் ப்ரூஸ்டர். மேலே பரலோகத்துக்குப் போனால் யார் யாரைப் பார்ப்பேன் என்று வரிசையாக அடுக்குகிற பாட்டு இது. பைபிளில் வரும் தானியேல், பவுலும் சீலாவும், பிறகு பெற்ற தாய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படி ஏறும். அங்கே எப்போதும் 'வாங்க வாங்க'தான், 'போய்வருகிறேன்' கிடையாது என்று ஒரு இடம் வரும், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கறுப்பின மக்கள் படிப்பிலும் வேலையிலும் மேலே ஏற வேண்டும் என்பதையும் மனதில் வைத்தே எழுதியதாக ப்ரூஸ்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த மாதிரிப் பாட்டை ஆராதனையில் சபை விடுகிற வரைக்கும் நீட்டலாம், இன்னொரு பெயரைச் சேர்த்தால் இன்னொரு படி. அதனால் எந்தப் பதிவின் முடிவையும் நான் பாட்டின் முடிவு என்று எடுத்துக்கொள்வதில்லை.

கொலம்பியா பதிவு சுத்தமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1947இல் முதல் பக்கம் முடியும்போது அந்தக் குரல் இன்னும் ஏறத் தயாராக நிற்கிறதே, அது அதில் இல்லை.

கடலூர்க்காரன்:
ஒரு சின்னச் சேர்க்கை. 1947க்கு முந்தைய வருடம் அப்போலோவுக்கு மஹாலியா பாடியவை சரியாக விற்கவில்லை, முதலாளி பெஸ் பெர்மன் அவரை விட்டுவிடவே நினைத்தார். மஹாலியா இந்தப் பாட்டைச் சும்மா பாடிக்கொண்டிருந்ததை அப்போலோவின் தயாரிப்பாளர் ஆர்ட் ஃப்ரீமன் கேட்டு, இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நின்றாராம். அப்புறம் அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது என்று எழுதுகிறார்கள். வாங்கியவர்கள் எல்லாரும் நடுவில் எழுந்து தட்டைத் திருப்பித்தானே கேட்டிருப்பார்கள்? எங்கள் தாத்தா வீட்டு கிராமபோனில் நாடகப் பாட்டுத் தட்டுகளை அப்படித்தான் கேட்டோம். முதல் பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, சாவி கொடுத்து... அந்த அரை நிமிடம் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஒட்டிய பிரதியில் அந்த அரை நிமிடம் காணாமல் போகிறது.

தட்டுப்பிரியன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஹெட்போனில் கேட்டேன், அந்த 'ஸ' மாறுகிற இடம் அப்படியே பிடிபட்டது! மூன்றாவதில் பியானோ மில்ட்ரெட் ஃபால்ஸ்தான், உறையில் போட்டிருக்கிறது. ஒட்டிய கோப்பை அந்த இடத்திலேயே இரண்டாக வெட்டி, முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று தனித்தனியாக வைத்துவிட்டேன். முதல் பாகம் முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்ததைப் போட்டேன். மேரியக்கா, அந்த 'வாங்க வாங்க' இடத்தில் எனக்கும் அப்படித்தான் ஆனது.