பாட்னா சாகிப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலூர்க்காரன்:

கயாவில் திதி கொடுக்கப் போகிறவர்கள் ரயில் மாறும் ஊர். பாட்னாவைப் பற்றி நம் ஆட்களில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த நகரத்தின் கிழக்குப் பக்கம், கங்கையை ஒட்டி, பாட்னா சிட்டி என்ற பழைய பகுதி இருக்கிறது. சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் 1666-ல் பிறந்தது அங்கேதான். சீக்கியர்களின் ஐந்து தக்துகளில், அதாவது தலைமைப் பீடங்களில், ஒன்றான பாட்னா சாகிப் குருத்வாரா அங்கே இருக்கிறது. அப்பா குரு தேக் பகதூர் வங்காளம், அசாம் பக்கம் போனபோது குடும்பத்தை இங்கே தங்க வைத்துவிட்டுப் போனார். மகன் பிறந்த சேதி அவர் டாக்கா பக்கம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தது.

பாட்னா ஜங்ஷனிலிருந்து உள்ளூர் ரயில் பிடித்து பாட்னா சாகிப் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து இ-ரிக்ஷா. சந்துக்குள் நுழைந்தால் பாத்திரக்கடை, மளிகைக்கடை, நடுவே ஒரு மாடு, அதற்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே பைக்குகள். கடைகளுக்கு மேலே தலையைத் தூக்கினால்தான் வெள்ளைக் குவிமாடம் தெரிகிறது. பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்துக் கட்டடம் 1934 பீகார் நில நடுக்கத்தில் சேதமாகிவிட்டது. இப்போது இருப்பது 1957-ல் கட்டி முடித்தது. அதனால் பழைய அரண்மனை போல எதையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நான் மறக்காதது உள்ளே பார்த்ததைத்தான். நாம் படங்களில் பார்த்த குரு கோவிந்த் சிங் குதிரை மேல் இருப்பார், கையில் பருந்து இருக்கும். இங்கே முதலில் காட்டுவது ஒரு தொட்டில். தங்கத் தகடு போர்த்திய நான்கு கால்கள். அப்புறம் இரும்பு அம்புகள், ஒரு சின்ன வாள், ஒரு ஜோடி பாதரட்சை. சின்னப் பையனாகவே பஞ்சாபில் இருக்கும் ஆனந்த்பூர் போய்விட்டார். தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை 1699-ல் தொடங்கியதும் அங்கேதான். ஆகவே இந்த ஊருக்கு அவர் எப்போதும் குழந்தைதான். பாலா பிரீதம், அதாவது அன்புக் குழந்தை, என்று செல்லப்பெயரே உண்டு.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், நீலத் தலைப்பாகை, நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு இந்தியில் கதை சொல்ல ஆரம்பித்தார். கவண் வைத்துத் தண்ணீர்க்குடங்களை உடைப்பாராம், பெண்கள் அவருடைய அம்மா மாதா குஜ்ரியிடம் வந்து புகார் சொல்வார்களாம். அச்சு அசல் நம் யசோதை வீட்டுப் பஞ்சாயத்து! சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும், ஏதோ பக்கத்து வீட்டுப் பேரனைப் பற்றிக் குறை சொல்கிற மாதிரி. "பஞ்சாபில் எந்த ஊர் ஐயா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். தலைமுறை தலைமுறையாகப் பீகார்தானாம், பஞ்சாபியை விட வீட்டில் மகஹிதான் அதிகமாம். பீகாரிலேயே அக்ரஹரி சீக்கியர்கள் என்று ஒரு சமூகம் இருப்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

திருப்பூர் அக்கா:

தம்பி, பக்கத்துச் சந்தில் இருக்கும் பால லீலா மைனி சங்கத் குருத்வாராவை விட்டுவிட்டீர்களே. ராஜா ஃபதே சந்த் மைனி என்பவரின் மாளிகை அது. அவருக்கும் ராணிக்கும் பிள்ளை இல்லை. ஒருநாள் குட்டிக் கோவிந்த் ராய் (குருவின் சின்ன வயதுப் பெயர்) ஓடிவந்து ராணி மடியில் உட்கார்ந்து "அம்மா" என்று கூப்பிட்டாராம். கூட வந்த வாண்டுகளுக்கும் பசி. வீட்டில் அப்போது தயாராக இருந்தது பூரியும் வேகவைத்த கொண்டைக்கடலையும்தான், அதையே கொடுத்தார்களாம். இன்றைக்கும் அங்கே பிரசாதம் கொண்டைக்கடலைதான்.

என் மாமியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. வரிசையில் நின்ற லூதியானாக்கார அம்மா ஒருத்தர் தன் கையில் இருந்த கடலையில் பாதியை அள்ளி இவர் முந்தானையில் போட்டு, ஏதோ பஞ்சாபியில் நீளமாகச் சொன்னார். மாமியாரும் விடவில்லை, "நவராத்திரிக்கு எங்க வீட்லயும் இதேதாம்மா" என்று தமிழில் பதில். ரெண்டு பேரும் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நடுவில் போய் மொழிபெயர்க்கவில்லை, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மெயில் வண்டி:

எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மன்னிக்கவும். அமிர்தசரஸ் பார்த்துவிட்டுப் போனதாலோ என்னவோ. சந்தில் நெரிசல், தண்ணீர் தேங்கிய ரோடு, ஆட்டோக்காரருடன் வாக்குவாதம். டிசம்பர் கடைசியில் போனேன், மூடுபனியில் ரயில் அரை நாள் தாமதம். லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவசச் சாப்பாட்டுக் கூடத்தில், பருப்பும் ரொட்டியும் சூடாகக் கிடைத்தது மட்டும்தான் ஆறுதல். பரிமாறிய சேவாதார் (தொண்டர்) பையன் ஒருவன் என் தட்டு காலியாகவே விடவில்லை.

கங்கைக் கரையில் இருக்கும் கங்கன் காட் என்ற படித்துறைக்கும் போனேன். சின்ன வயதில் குரு, கையில் இருந்த தங்க வளையலைக் கங்கையில் எறிந்துவிட்டாராம். எங்கே எறிந்தாய் என்று கேட்டதற்கு, இன்னொரு வளையலையும் கழற்றி எறிந்து "அங்கே" என்று காட்டினாராம். இந்தக் கதை பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கடலூர்க்காரன்:

மெயில் வண்டி, நீங்கள் போனது பிரகாஷ் பர்வ், அதாவது குருவின் பிறந்தநாள் விழா, சமயமாக இருக்கும். அது சந்திரக் கணக்கில் வருவதால் சில வருடம் டிசம்பர் கடைசி, இல்லாவிட்டால் ஜனவரி. 2017 ஜனவரியில் 350-வது விழாவுக்குக் காந்தி மைதானத்தில் கூடார நகரமே போட்டார்கள். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி பிறந்ததும் போங்கள், விடிகாலையில் கடைகள் திறப்பதற்கு முன் சந்து காலியாக இருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது, தலைக்குக் கட்டும் துணி வாசலிலேயே கிடைக்கும். தங்குவதற்குக் குருத்வாராவின் யாத்ரி நிவாஸிலேயே கேளுங்கள், ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.