காண்டூர் மேப் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. தோட்டத்தில் இருந்தே பழக வழி உண்டா?

வாணி (சுங்கை சிப்புட்)

வணக்கம். ஜியோலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த செமஸ்டரில் பத்து நாள் களப்பயிற்சி. ஆளுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து மேப் போடச் சொல்வார்கள். பாறையைக் கையில் கொடுத்தால் பெயர் சொல்லிவிடுவேன். மேப்தான் வரவில்லை. பாறை எல்லை பள்ளத்தில் ஏன் 'வி' போல வளைகிறது, ஸ்ட்ரைக் எந்தப் பக்கம், டிப் எந்தப் பக்கம், தாளில் பார்த்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. போன பரீட்சையில் மேப் கேள்விக்கு 30-க்கு 9 வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம், எங்கே பார்த்தாலும் செம்மண். பாறையே கண்ணில் படவில்லை. அப்பா லோரி ஓட்டுகிறார், பாறையைப் பார்க்க லங்காவித் தீவு வரை போக வசதியில்லை. இங்கேயே எதையாவது பழகலாமா?

பாறைக்காரி

தங்கச்சி, நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டினார். இப்போது 14 வருடமாக மலைச்சரிவுகளை ஆய்வு செய்யும் வேலை.

உன் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் செம்பனையைப் படி வெட்டித்தானே நட்டிருக்கிறார்கள்? அந்தப் படி ஒவ்வொன்றும் ஒரு காண்டூர் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு. ஏதாவது ஒரு படியில் ஏறாமல் இறங்காமல் நடந்து பார். மலை மூக்கில் படி வெளியே தள்ளி வளையும். ஓடை வரும் இடத்தில் மேட்டுப் பக்கமாக உள்ளே போய், ஓடையைத் தாண்டித் திரும்பி வரும். அதுதான் 'வி'. அதன் முனை ஓடை வரும் திசையைக் காட்டும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் ஆண்டில் அம்மாவோடு விறகுக்குப் போனபோது சட்டென்று புரிந்தது, அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் ஒரு சிங்க் தகட்டைச் சாய்த்து, பாதி வரை தண்ணீர்த் தொட்டியில் முக்கு. தண்ணீர் மட்டம் தகட்டில் போடும் கோடு ஸ்ட்ரைக். மேலே ஒரு சொட்டு விட்டால் அது ஓடும் திசை டிப் பக்கம், தகடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ அது டிப் அளவு. ஸ்ட்ரைக்குக்கும் டிப் பக்கத்துக்கும் நடுவே எப்போதும் 90 பாகை.

இப்போது அந்தத் தகடுதான் பாறை எல்லை, அது மலைக்குள் நுழைந்து மறுபக்கம் வருவதாக நினைத்துக்கொள். தகடு படுத்திருந்தால் எல்லைக்கோடு ஒரே படியோடு போகும், எங்கும் படியைத் தாண்டாது. செங்குத்தாக நின்றால் மேடு பள்ளம் பார்க்காமல் நேராகப் போகும். ஓடை வரும் பக்கம் சாய்ந்திருந்தால் 'வி'யும் அந்தப் பக்கமே பார்க்கும். ஓடை போகும் பக்கம், ஓடையைவிடச் செங்குத்தாகச் சாய்ந்திருந்தால் 'வி' கீழே பார்க்கும். மனப்பாடம் செய்யாதே, அட்டையில் வெட்டிச் செருகிப் பார்.

தாளில் கணக்கு இவ்வளவுதான்: ஒரு பாறை எல்லை 120 மீட்டர் காண்டூர் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டினால் அந்த இரண்டையும் சேர். அது ஸ்ட்ரைக். 100 மீட்டருக்கும் அப்படியே. 1:25,000 மேப்பில் இரண்டு கோட்டுக்கும் இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால் தரையில் 100 மீட்டர். அதற்குள் 20 மீட்டர் இறங்குகிறது, ஆகவே டிப் ஏறக்குறைய 11 பாகை.

செம்மண்ணைக் குறைவாக எண்ணாதே. நம் நாட்டு மழையும் வெயிலும் பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கிவிடும். வெளிநாட்டுப் புத்தகப் படங்களைப் போல மொட்டைப் பாறை இங்கே எளிதில் கிடைக்காது. மண்ணை விரலில் தேய்த்துப் பார். கண்ணாடித் தூள் போல நறநறவென்றால் அடியில் கிரானைட்டாக இருக்கலாம், அந்த நறநறப்பு குவார்ட்ஸ். மண் சடக்குக்கு வெட்டிய கரைகளையும் பார். மற்றதெல்லாம் மண்ணானாலும் குவார்ட்ஸ் நரம்பு வெள்ளையாக நிற்கும், அதை அளக்கலாம். ஓடையில் கிடக்கும் உருண்டைக் கல்லை அளக்காதே, அது எங்கிருந்தோ உருண்டு வந்தது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் மலை அடிவாரத்தில் நிற்காதே. 1973-ல் ஈப்போ குனோங் செரோவில் பாறை சரிந்து 40 பேரளவில் இறந்தார்கள். அம்மா இன்றும் அதைப் பேசுவார்.

பழைய கிராணி

மகளே, நான் தோட்டத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். அந்தப் படிகளுக்கு மட்டம் பார்த்து முளைக்குச்சி அடித்த ஆட்களில் நானும் ஒருவன். நீளவாக்கில் மட்டமாக இருக்கும். ஆனால் குறுக்கே மலைப் பக்கம் சற்றுச் சாய்த்துத்தான் வெட்டுவோம், மழைத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காக. ஆகவே படியின் வெளி விளிம்பைப் பிடித்து நட. பழைய படிகள் சில இடங்களில் இடிந்திருக்கும். ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. குலை அறுக்கும் நாளில் போகாதே.

வாணி (சுங்கை சிப்புட்)

அக்கா, ஐயா, நன்றி. நேற்றுக் காலை தம்பியோடு போனேன். அவனை ஓடைக்கு அந்தப் பக்கம் அதே படியில் நிற்கவைத்துக் கூப்பிட்டேன். நேர் எதிரே நின்றான், ஆனால் படியோடு நடந்து என்னிடம் வர ஐந்து நிமிடமானது. 'வி' புரிந்துவிட்டது!

சடக்குக் கரையில் விரல் தடிமனில் வெள்ளை நரம்பு ஒன்று இருந்தது. திசைகாட்டி வைத்து மூன்று இடத்தில் ஸ்ட்ரைக் அளந்தேன்: 310, 315, 308 பாகை. டிப் 60 பாகை, வடகிழக்குப் பக்கம். நடுவில் 340 என்று ஒன்று வந்தது, அதை அடித்துவிட்டேன்.

பாறைக்காரி

அடிக்காதே, நோட்டில் அப்படியே இருக்கட்டும். அந்த இடத்தில் தம்பி பாராங் கத்தியோடு பக்கத்தில் நின்றானா? இரும்பு திசைகாட்டி முள்ளை இழுத்துவிடும்.

வாணி (சுங்கை சிப்புட்)

நின்றான் அக்கா. நாளைக்குப் போய் மறுபடி அளக்கிறேன்.