புதுப்பிப்பு: மருதாணிக்கு மேல் அவுரி போட்டாச்சு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மருதாணி வைத்தால் நரைமுடி மட்டும் ஆரஞ்சாகத் தனியே தெரியுது, டை அடிக்காமல் கறுப்பாக்க வழி உண்டா என்று. பாதிப் பேர் "அவுரி போடுங்க" என்றீர்கள். (அவுரி என்றால் நீலச் சாயம் தரும் செடியின் இலைப்பொடி.) போட்டாச்சு, பிடிச்சிருக்கு.

மருதாணிப் பொடியை டீ டிக்காஷனில் கெட்டியாகக் குழைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் மேலே கரும்பழுப்பு, கரண்டியால் கிளறினால் உள்ளே பச்சை. சாயம் இறங்கியதற்கு அதுதான் அடையாளம். தலையில் 3 மணி நேரம். வெறும் தண்ணீரில் அலசி, காய்ந்ததும் அவுரி.

அவுரியை மட்டும் ராத்திரியே ஊற வைக்காதீங்க, வீரியம் போயிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, 10-15 நிமிஷம், உடனே தலைக்கு. புளிப்பு எதுவும் வேண்டாம். அலசினதும் முடி பச்சை கலந்த நீலமாக நிற்கும். (என் வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கே!) காற்றுப் பட்டு ரெண்டு நாளில் தானே கறுக்கும். அதுவரை ஷாம்பு தொடாதீங்க.

"கருப்பு மருதாணி" பாக்கெட் பற்றிக் கேட்டவருக்கு: மருதாணிச் சாயம் செம்பழுப்புதான், தனியாகக் கறுப்பு தராது. சில பாக்கெட்டுகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும், சிலருக்குக் கடுமையான அலர்ஜி வரும். சேர்மானப் பட்டியலைப் படிச்சுட்டு வாங்குங்க.

நெற்றியோரம் இன்னும் செம்பட்டை அடிக்குது. அங்கே மட்டும் அவுரி மறுபடி போடணும்.