ஷாவின் அலைச்சல்: பத்திரிகைகளுக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதவில்லையா?

உவர்மலை_மாணவி:
ஊடகக் கற்கை வகுப்பில் ஈரான் மன்னர் ஷா நாட்டை விட்டுப் போனதைப் பற்றிப் பேச வேண்டும். 1979 ஜனவரி 16 தெஹ்ரானை விட்டுக் கிளம்பியவர் எகிப்து, மொரோக்கோ, பஹாமாஸ், மெக்சிகோ, நியூயோர்க், பனாமா என்று சுற்றித் திரும்பவும் எகிப்துக்கே வந்திருக்கிறார். கிடைத்த பழைய செய்திகளில் விமான நிலையத்தில் யார் வரவேற்றார்கள் என்பதுதான் நிறைய இருக்கிறது. ஏன் ஒருவரும் வைத்திருக்கவில்லை என்பது இல்லை. தெரியாதா, தெரிந்தும் விட்டார்களா?

பாலையூற்றான்:
தங்கச்சி, பாதிக்கு மேல் தெரியாது. அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று பிரெஞ்சு மருத்துவர்கள் 1974இலேயே கண்டுபிடித்தாயிற்று, ஆனால் அதை மூடி வைத்தார்கள், 1979 ஒக்டோபரில் நியூயோர்க்கில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் உலகத்துக்கே தெரிய வந்தது. பிரிட்டன் செய்தது இன்னும் மோசம். எதிர்க்கட்சியில் இருந்தபோது இடம் கொடுக்கலாம் என்ற மனநிலையில் இருந்த தட்சர் பிரதமரானதும் பின்வாங்கினார், 'வராதீர்கள்' என்று சொல்ல முன்னாள் தூதர் டெனிஸ் ரைட்டை வேறு பெயரில், மாறுவேடத்தில் பஹாமாஸுக்கு அனுப்பினார்கள். பின்னாளில்தான் அது வெளியே வந்தது. தெஹ்ரானில் இருக்கும் தங்கள் தூதரக ஆட்களுக்கு என்ன நடக்குமோ என்ற பயம். பயம் சும்மா இல்லை, அமெரிக்கா உள்ளே விட்டதும் நவம்பர் 4 அவர்களுடைய தூதரகத்தைப் பிடித்தார்கள், 52 பேர் 444 நாள் உள்ளே.

மூதூர்_வாசகன்:
ஈரான் பத்திரிகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இராணுவத் தணிக்கையை எதிர்த்து இரண்டு மாதமளவில் வேலைநிறுத்தம் செய்துவிட்டு ஜனவரி தொடக்கத்தில்தான் திரும்பி வந்தார்கள். அதனால்தான் 16ஆம் திகதி 'ஷா போய்விட்டார்' என்று 'எத்தெலாஅத்' பத்திரிகை அவ்வளவு பெரிய எழுத்தில் போட முடிந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னர் என்றால் பத்திரிகையே இல்லை.

கடற்கரை_வீதி:
இதற்கு ஈரான் வரை போக வேண்டுமா? 2022 மே மாதம் பிரதமர் பதவியை விட்டு விலகிய மகிந்த ராஜபக்ச நம்ம திருகோணமலைக் கடற்படை முகாமில் இருக்கிறார் என்று சனம் வாசலில் கூடியது. அந்த நேரத்தில் இந்தியாவுக்கு ஓடிவிட்டார்கள் என்று ஒரு கதையும் பரவி, இந்தியத் தூதரகம் மறுக்க வேண்டி வந்தது. முகாமில்தான் இருக்கிறார் என்று பாதுகாப்புச் செயலாளர் பிறகு வாயைத் திறந்தார்.

பாலையூற்றான்:
அவர் நாட்டுக்குள்ளேயே இருந்தவர், மன்னரும் இல்லை. ஒப்பிடுவதென்றால் ஜனாதிபதியாக இருந்து நாட்டை விட்டு ஓடிய கோட்டாபயவைச் சொல்லுங்கள். அவர் புகலிடம் கேட்கவும் இல்லை, நாங்கள் கொடுக்கவும் இல்லை என்று அவர் போய் இறங்கிய அன்றைக்கே சிங்கப்பூர் அறிக்கை விட்டது. ஷா விஷயத்தில் அப்படி வெளிப்படையாகச் சொல்ல நாடுகளுக்குக் கூச்சம்.

உவர்மலை_மாணவி:
சரி அண்ணை, டெனிஸ் ரைட் கதையோடு தொடங்குகிறேன். பனாமாவை விட்டு ஏன் போனார்?

பாலையூற்றான்:
ஈரான் அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது, பனாமா கையளித்துவிடுமோ என்று பயம். 1980 மார்ச்சில் கிளம்பி எகிப்து ஜனாதிபதி சதாத்திடம் போனார், ஜூலை 27 கெய்ரோவில் இறந்தார். சவ ஊர்வலத்துக்கு அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த நிக்சன் வந்தார், ஆனால் அப்போது அவர் பதவியில் இல்லை. அந்தப் படத்தையும் தேடிப் போடுங்கள்.