மக்காடிக்காடி உப்புவெளி: குபு தீவுக்கு வண்டியில் செல்வது எப்படி?

கேள்வி:
போட்ஸ்வானாவில் மக்காடிக்காடி உப்புவெளியின் ஒரு பகுதியான சோவா உப்புப் படுகையின் (வற்றிய ஏரித்தளம்) தென்மேற்கு ஓரத்திலுள்ள பாறைத் திட்டான குபு தீவுக்கு நாற்சக்கர இயக்க வண்டியில் செல்லவிருக்கிறோம். எந்த மாதம் உகந்தது? படுகையின் குறுக்கே நேராக ஓட்டலாமா?

பதில் 1:
தயவுசெய்து குறுக்கே ஓட்டாதீர்கள். வெளுத்துக் காய்ந்த உப்புப் பொருக்கு பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், அடியில் ஈரச் சேறு இருக்கக்கூடும் என்பதால், பொருக்கு உடைந்த இடத்தில் சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். அந்த வெட்டவெளியில் உதவிக்கு எளிதில் ஆள் கிடைக்காது. ஏற்கெனவே வண்டிகள் சென்ற தடத்திலேயே செல்லுங்கள். புதிய தடங்கள் அந்த நிலத்தில் நெடுங்காலம் வடுவாகக் கிடக்கின்றன என்பது வேதனையானது.

பதில் 2:
ஜூலை முதல் செப்டம்பர் வரை செல்வது நல்லது. நவம்பர் வாக்கில் தொடங்கும் மழை படுகையைச் சேறாக்கிவிடும். இரண்டு வண்டிகளாகச் செல்லுங்கள். தண்ணீரும் எரிபொருளும் தேவைக்கு மேலாகவே இருக்கட்டும்.

பதில் 3:
தீவின் கருங்கல் பாறைகளுக்கிடையே நிற்கும் முதிய பாவோபாப் மரங்களின் மீது ஏற வேண்டாம். பழைய கல்மதிலின் கற்களையும் நகர்த்தாதீர்கள்.